2013 சிம்சிட்டி: வீடு திரும்பாதவர்களின் நகரம்

ஏப்ரல் 4

சிம்சிட்டி, மேயராக இருந்து நகரம் கட்டி ஆளும் கணினி ஆட்டத் தொடர். அதைப் பற்றி வாசகர் ஒருவரின் கூற்று இது: “2013இல் புதிதாகத் தொடங்கப்பட்ட சிம்சிட்டியைக் கெடுத்தது இணையத் தொடர்பு கட்டாயம் என்ற ஒற்றை நிபந்தனைதான். அது 2014 மார்ச்சில் நீங்கிவிட்டது. பழைய கோபத்தை ஒதுக்கிவிட்டு இப்போது தனியாக அமர்ந்து ஆடினால், தொடரிலேயே சிறந்த ஆட்டம் அதுதான் என்பது விளங்கும். மறுப்பவர்கள் மறுபடி ஆடிப் பார்த்துவிட்டு மறுக்கட்டும்.”

ஏப்ரல் 5, காலை

மறுக்கிறேன். மறுபடி ஆடாமல் மறுப்பதால், இந்தக் குறிப்புக்குப் பாதி மதிப்பெண் கொடுத்தால் போதும்.

2013 மார்ச் 5 அன்று அமெரிக்காவில் வெளியானபோது நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். சர்வர்கள் கூட்டத்தைத் தாங்கவில்லை. காசு கொடுத்து வாங்கியவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். சுமையைக் குறைப்பதற்காக ஆட்டத்தின் மிக வேகமான ஓட்டமே சில நாட்கள் முடக்கப்பட்டது. சமாதானமாக வேறோர் ஆட்டம் இலவசமாகத் தரப்பட்டது. அந்த வரிசையில் நான் நிற்கவில்லை. இணையம் இல்லாமல் ஆடலாம் என்று ஆன பிறகே வாங்கினேன். எனவே ஒதுக்கிவைக்கப் பழைய கோபம் எதுவும் என்னிடம் இல்லை.

என் கருத்து இதுதான்: இணையச் சிக்கல் வாசல் கதவின் கோளாறு. கதவைச் சரிசெய்த பிறகும் வீட்டுக்குள் கோளாறு இருந்தது. முதலாவது, இடம். ஒரு நகரத்துக்கு 2 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டர் அகலமும் உள்ள சதுரம்தான் கிடைக்கும். 2003இல் வந்த சிம்சிட்டி 4இன் பெரிய சதுரத்தின் பக்கம் 4 கிலோமீட்டர். பத்து ஆண்டுகள் கழித்து வந்த ஆட்டம் பாதி நிலத்தைப் பிடுங்கிக்கொண்டது.

ஏப்ரல் 5, இரவு

பாதி அல்ல, முக்கால்வாசி. பக்கம் பாதியானால் பரப்பு கால்வாசியாகும்: 16 சதுர கிலோமீட்டர் 4 சதுர கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. நகர நிர்வாகம் பற்றிப் பேச வந்தவனின் கணக்கு இந்த லட்சணத்தில் இருக்கிறது. ஆட்டத்தை மறுபடி நிறுவியாயிற்று. நாளையிலிருந்து ஆடிவிட்டு எழுதுகிறேன்.

ஏப்ரல் 7

இரண்டு மாலைகள் ஆடினேன். முதலில் புகழ வேண்டியதைப் புகழ்ந்துவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் மறந்துபோகும்.

சாலை போடும் கருவி இன்றும் இன்பம் தருகிறது. பழைய ஆட்டங்களின் கட்டம்போட்ட தாளிலிருந்து விடுதலை பெற்ற சாலை, மலையடிவாரத்தை ஒட்டி நாம் இழுக்கும் இழுப்புக்கு வளைகிறது. மின்சாரம், குடிநீர், கழிவுநீர் மூன்றும் அதே சாலையின் வழியே ஓடுவதால் தனியாகக் குழாய் பதிக்கவோ கம்பி இழுக்கவோ தேவையில்லை. பழைய ஆட்டக்காரர்கள் பலர் இதைச் சோம்பேறித்தனம் என்று குறைசொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிம்சிட்டி 4இல் குழாய் பதித்தது எனக்கு ஒருநாளும் யோசனை கேட்ட வேலையாக இருந்ததில்லை. வீடு இருக்கும் இடமெல்லாம் நீலக் கோடு இழுத்தேன், அவ்வளவுதான். இங்கே சாலையே நரம்பாகவும் குடலாகவும் இருப்பதால், சாலையை எங்கே போடுவது என்ற ஒரு முடிவுக்குள் பத்து முடிவுகள் அடங்கிவிடுகின்றன. எவ்வளவு பெரிய கட்டடம் எழும்பும் என்பதைக்கூட சாலையின் தரம்தான் தீர்மானிக்கிறது.

அடுத்தது தகவல் வரைபடங்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் நகரம் முழுவதும் வெள்ளைப் பொம்மையாகி, நிலத்தடி நீர் எங்கே வற்றியிருக்கிறது, கழிவு எங்கே மண்ணில் இறங்கியிருக்கிறது என்பது வண்ணமாக எழும்புகிறது. இவ்வளவு தெளிவாகத் தன் உள்ளுறுப்பைத் திறந்து காட்டும் நகர ஆட்டம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

கட்டடங்களோடு பகுதிகளை ஒட்டிக்கொண்டே போகும் முறையும் அருமை. தீயணைப்பு நிலையத்துக்கு இன்னொரு வண்டிக் கொட்டகை, மருத்துவமனைக்கு இன்னொரு பிரிவு என்று தேவைக்கேற்பச் சேர்க்கலாம். ஆனால் அதற்கும் சேர்த்து முதலிலேயே இடம் விட்டிருக்க வேண்டும். நான் விடவில்லை. தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் நான்கு வீடுகள் முளைத்துவிட்டன. நகரத்தந்தையாக என் முதல் அரசாணை அந்த நான்கு வீடுகளை இடிப்பதாக அமைந்தது.

ஏப்ரல் 8

தண்ணீர் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. நிலத்தடி நீர் வற்றியதும் மேயர்கள் எல்லோரும் செய்யும் தந்திரத்தை நானும் செய்தேன்: கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பக்கத்திலேயே இறைப்பானை வைத்துவிட்டேன். சுத்திகரித்து வெளியே விடும் நீர் அதே மண்ணில் இறங்க, இறைப்பான் அதையே உறிஞ்சி வீடுகளுக்கு அனுப்ப, அது மறுபடி கழிவாகித் திரும்ப, ஊர் வற்றாமல் ஓடுகிறது. மறுசுழற்சி என்று இதைப் பெருமையாகச் சொல்லலாம். கட்டிய மேயரே அந்தத் தண்ணீரைக் குடிப்பாரா என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

ஏப்ரல் 11

இந்தக் குறிப்பு நீளும்.

நேற்று இரவு ஒரே ஒரு மனிதனைத் தொடர்ந்தேன். தெருவில் போகிற எவரையும் சொடுக்கினால் பெயரும் அவர் எங்கே போய்க்கொண்டிருக்கிறார் என்பதும் தெரியும். என் நகரின் தென்மூலையில், ஆற்றைப் பார்த்த ஒரு சிறிய வீட்டிலிருந்து காலையில் கிளம்பிய ஒருவரைப் பிடித்தேன். தெருமுனையில் ஒரு தொழிற்சாலை இருந்தது. அதில் இடம் நிரம்பிவிட்டதால் அடுத்ததற்குப் போனார். அங்கே இடம் கிடைத்தது, வேலையும் பார்த்தார். மாலையில் கிளம்பினார். தென்மூலைக்குப் போகவில்லை. தொழிற்சாலைக்கு மிக அருகில் காலியாக இருந்த ஒரு வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் காலையில் அந்த வீட்டிலிருந்து புறப்பட்டவர் வேறொரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். காலையில் கிடைத்த வேலை, மாலையில் கிடைத்த வீடு. நிரந்தரம் என்று அவருக்கு எதுவும் இல்லை.

இது பிழை அல்ல, அமைப்பே இப்படித்தான். இந்த ஆட்டத்தின் அடித்தளமான கிளாஸ்பாக்ஸ் என்ற எஞ்சின், தண்ணீர், மின்சாரம், கழிவு, மனிதர் எல்லாவற்றையும் ஒரே விதமான ஓடும் துகள்களாகவே நடத்துகிறது. மின்சாரத் துகள் மின்நிலையத்திலிருந்து கிளம்பி, தேவைப்படும் முதல் கட்டடத்தில் தங்கிவிடுகிறது. மனிதத் துகளும் அதே விதியில்தான் அலைகிறது. மின்சாரத்துக்கு வீடு எதற்கு? இந்த விதி அதற்குப் பொருந்தும். மனிதருக்கு மட்டும்தான் பொருந்தாமல் உறுத்துகிறது.

இந்த விதி தெரிந்த பிறகுதான் நெரிசலின் காரணம் எனக்குப் புரிந்தது. மாலையில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரே திசையில் மிக அருகிலுள்ள காலி வீட்டைத் தேடி ஓடுகிறார்கள். அது நிரம்பியதும் கூட்டம் அப்படியே அடுத்த வீட்டுக்கு நகர்கிறது. ஒவ்வொருவருக்கும் தன் வீடு என்று ஒன்று இருந்தால், கூட்டம் கிளம்பும்போதே எட்டுத் திசைகளிலும் கலைந்துபோகும். இங்கே கலைய வழியில்லை. வெளியான புதிதில் நிலைமை இன்னும் மோசம். பக்கத்தில் அகலமான அவென்யூ வெறிச்சோடிக் கிடந்தாலும், தூரம் குறைவு என்பதற்காக மண்சாலையில் எல்லோரும் அடைத்துக்கொண்டு நின்றார்கள். நெரிசலையும் கணக்கில் எடுத்து வழி தேர்ந்தெடுக்கும் திருத்தம் பிறகு வந்தது. வழியைத் திருத்தினார்கள், போய்ச்சேரும் இடத்தைத் திருத்தவில்லை.

ஏப்ரல் 12

கூற்றை எழுப்பிய வாசகர் நியாயமான ஒரு கேள்வி கேட்கிறார்: “சிம்சிட்டி 4இல் மனிதர்களே கிடையாது. தெருவில் ஓடும் கார்கள் வெறும் அலங்காரம். அதை மன்னித்த நீங்கள், அரைகுறையாகவேனும் மனிதர்களைக் கொண்டுவந்த ஆட்டத்தை ஏன் மன்னிக்க மறுக்கிறீர்கள்?”

பதிலுக்கு ஒரு நாள் யோசித்தேன். 1989இல் வில் ரைட் உருவாக்கிய முதல் ஆட்டத்திலிருந்து 2003 வரை நகரம் மேலிருந்து கீழாகக் கணக்கிடப்பட்டது. இந்தக் கட்டத்தில் இத்தனை பேர், இந்தச் சாலையில் இவ்வளவு போக்குவரத்து என்று எண்கள் முதலில் பிறக்கும், அந்த எண்களுக்கு ஏற்பக் கார்கள் வரையப்படும். சாலையின் பாதியில் ஒரு கார் மறைந்துபோனால் எனக்கு உறுத்தாது, ஏனென்றால் அது வரைபடத்தில் இருக்கும் புள்ளி என்பது எனக்குத் தெரியும். 2013இல் திசை தலைகீழானது. கீழே ஓடும் துகள்களிலிருந்துதான் எண்கள் பிறக்க வேண்டும்; கண்ணில் படுவதுதான் உண்மை, உண்மைதான் கண்ணில் படும் என்பதே ஆட்டத்தின் வாக்குறுதி. அந்த வாக்குறுதியை நம்பித்தான் அந்த ஆளைப் பின்தொடர்ந்தேன். சிம்சிட்டி 4இல் எவரையும் பின்தொடர வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

எனவே, மன்னிக்க மறுக்கவில்லை. எனக்குச் சொல்லப்பட்டதை வைத்து அளக்கிறேன்.

ஏப்ரல் 14

வாக்குறுதி என்றதும் மக்கள்தொகைப் பலகை நினைவுக்கு வந்தது. வெளியான சில நாட்களிலேயே, ஆட்டத்தின் திரைப்பகுதியை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலைப் பிரித்துப் படித்த ஆட்டக்காரர்கள் அதில் ஒரு சூத்திரத்தைக் கண்டெடுத்தார்கள். உண்மையில் 500 பேர் வரை இருந்தால் பலகை உள்ளதை உள்ளபடி சொல்லும். அதைத் தாண்டினால், 500க்கு மேற்பட்ட எண்ணிக்கையை 1.2 அடுக்குக்கு உயர்த்தி, அதனுடன் 500ஐக் கூட்டிக் காட்டும். 40,845ஐத் தாண்டினால் நேராக 8.25ஆல் பெருக்கிவிடும்.

கணக்கு போட்டுப் பார்த்தேன். இந்த முறை இரண்டு தடவை சரிபார்த்தேன். பலகையில் ஒரு லட்சம் என்று மின்னினால் தெருவில் இருப்பவர்கள் ஏறத்தாழ 15,100 பேர். மீதி ஏறத்தாழ 85,000 பேர் பலகையில் மட்டும் குடியிருக்கிறார்கள். அவர்கள் குப்பை போடுவதில்லை, வேலை கேட்பதில்லை, தீ விபத்தில் சிக்குவதில்லை. எந்த மேயரும் கனவு காணும் குடிமக்கள்.

சிரிப்பாக இருந்தாலும், இதற்குப் பின்னால் இருக்கும் சங்கடம் எனக்குப் புரிகிறது. வானுயர்ந்த கட்டடங்கள் நெருக்கமாக நிற்கும் நகரத்தின் மேல் 15,000 என்று எழுதினால் யார் நம்புவார்கள்? கட்டடத்தின் உயரத்துக்கும் துகள்களின் எண்ணிக்கைக்கும் பொருந்தவில்லை. பொருத்துவதற்கு ஒரு சூத்திரம் வேண்டியிருந்தது. பழைய முறையில் எண்ணைப் பெருக்குவதற்குச் செலவே இல்லை. புதிய முறையில் ஒவ்வொரு மனிதரையும் கணினி நடக்கவைத்தாக வேண்டும்.

ஏப்ரல் 15

சூத்திரத்தை எழுதி முடித்த மகிழ்ச்சியில் ஆடப் போய் அணுமின் நிலையத்தை வெடிக்கவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது. பணம் பற்றாக்குறை என்று பள்ளியை மூடியிருந்தேன். படிப்பறிவு குறைந்த பணியாளர்கள் அணுஉலையில் வேலைக்குப் போனார்கள். நகரின் மேற்குப் பாதியில் கதிர்வீச்சு. கல்விக்கும் அணுஉலைக்கும் இடையிலான இந்த முடிச்சை ஆட்டம் எங்கேயும் சத்தம் போட்டுச் சொல்வதில்லை, ஆனால் யோசித்தால் முழுக்க நியாயமானது. காலையில் கிடைத்த வேலைக்குப் போகும் ஊரில் அணுஉலைக்கும் அப்படித்தான் ஆள் வருவார்கள் என்பது எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 19

ஒப்பிடாமல் தீராது. 2015 மார்ச் 10 அன்று பின்லாந்தின் கொலாசல் ஆர்டர் குழு உருவாக்கிய சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் என்ற நகர ஆட்டம் வெளியானது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்தில் தொடங்கி, அதே அளவுள்ள சதுரங்களை விலைக்கு வாங்கி ஒன்பது வரை விரிக்கலாம். ஒன்பதையும் வாங்கினால் சிம்சிட்டி 4இன் பெரிய சதுரத்தைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். (பெருக்கியே பார்த்தேன்.) அங்கே ஒவ்வொருவருக்கும் வீடு உண்டு, வேலையிடம் உண்டு, வயதும் உண்டு.

வயது இருப்பதால் சாவும் உண்டு, அதில்தான் வேடிக்கை. பெரிய பகுதி ஒன்றை ஒரே மூச்சில் குடியிருப்பாகத் திறந்துவிட்டால் ஒரே வயதினர் கூட்டமாகக் குடியேறுவார்கள். ஆண்டுகள் கழித்து ஒரே சமயத்தில் கூட்டமாக இறப்பார்கள். வீட்டுக்கு வீடு மண்டையோட்டுச் சின்னம் மிதக்கும், சவ ஊர்திகள் போதாமல் நகரம் திணறும். முதல் தடவை இது நடந்தபோது கொள்ளைநோய் என்று நினைத்துத் தண்ணீர்க் குழாயை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அந்தச் சாவு அலைக்குக் காரணம் நான் எப்போதோ எடுத்த ஒரு முடிவு என்று தெரிந்தபோது, என் நகரத்துக்கு ஒரு கடந்தகாலம் இருக்கிறது என்று தோன்றியது. 2013 சிம்சிட்டியில் மக்களுக்கு நேற்று என்பதே கிடையாது.

ஆனால் ஸ்கைலைன்ஸும் எல்லோரையும் தெருவில் இறக்குவதில்லை. பதிவேட்டில் 10 லட்சம் பேருக்கு மேல் இருக்கலாம். ஒரே நேரத்தில் நடமாடக்கூடியவர்கள் 65,536 பேர், ஓடக்கூடிய வண்டிகள் 16,384. மீதிப் பேர் அவரவர் கட்டடத்துக்குள் பெயரளவில் இருக்கிறார்கள். பலகையில் மட்டும் குடியிருப்பவர்களைப் பற்றி 14ஆம் தேதி நான் அடித்த கிண்டலைச் சற்றுக் குறைத்துக்கொள்கிறேன். வேறுபாடு இதுதான்: வெளியே வராதவருக்கும் அங்கே ஒரு வீட்டு முகவரி இருக்கிறது.

ஏப்ரல் 20

கார் நிறுத்துமிடம் பற்றி ஒரு துணுக்கு. 2013 ஆட்டத்தின் தலைமை வடிவமைப்பாளர் ஸ்டோன் லிப்ராண்டே அக்காலத்தில் ஒரு பேட்டியில் சொன்னது: உண்மையான நகரங்களை அளந்து பார்த்தபோது கார் நிறுத்துமிடங்கள் எவ்வளவு பரந்தவை என்று கண்டு வியந்தார்கள், உண்மையான விகிதத்தில் வைத்தால் ஆட்டம் முழுக்க நிறுத்துமிடமாகிச் சலித்துவிடும் என்பதால், பெரும்பாலானவை நிலத்தடியில் இருப்பதாக வைத்துக்கொண்டார்கள். இந்தப் பொய்யை நான் முழு மனதோடு ஏற்கிறேன். எந்தப் பொய் உறுத்தும், எந்தப் பொய் உறுத்தாது என்பதற்கு என்னிடம் ஒழுங்கான விதி இல்லை என்பதும் இதனால் தெரிகிறது.

ஏப்ரல் 22

5ஆம் தேதி எழுதிய வாசல் கதவு உவமையைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டு வாரம் ஆடிய பிறகு அது தவறு என்று தெரிகிறது.

ஒரு பிரதேசத்தில் பல நகரச் சதுரங்கள் இருக்கின்றன. மிகப் பெரிய பிரதேசத்தில் 16. சதுரங்களுக்கு நடுவில் யாரும் கட்ட முடியாத வெற்று நிலம். ஒவ்வொரு சதுரமும் தன்னால் முழுமையடைய முடியாதபடி வேண்டுமென்றே சிறியது. நிலக்கரி இருக்கும் ஊரில் தண்ணீர் இருக்காது, தண்ணீர் இருக்கும் ஊரில் எண்ணெய் இருக்காது. அண்டை ஊர் மின்சாரம் விற்கும், இந்த ஊர் ஆளனுப்பும். எல்லோரும் பொருளைச் சேர்த்து அனுப்பினால்தான் பன்னாட்டு விமான நிலையம்போன்ற பெரும் திட்டம் எழும். பல மேயர்கள் ஒரே சமயத்தில் தத்தம் ஊரை ஆள்வதற்காக இழைக்கப்பட்ட அமைப்பு இது.

தனியாக ஆடும்போது எல்லா ஊருக்கும் நானே மேயர். ஒன்றை ஆளப் போனால் மற்றவை உறைந்துவிடுகின்றன. நான் விட்டுவந்த நொடியில் எவ்வளவு மின்சாரம் மிச்சமிருந்ததோ அந்த அளவையே அவை தந்துகொண்டிருக்கும். நேற்று அண்டை ஊரிடம் மின்சாரம் வாங்கினேன், பேரம் இல்லை. அந்த ஊர் மேயர் திடீரென்று விலகிவிடுவாரோ, அவரும் அணுஉலையை வெடிக்கவிடுவாரோ என்ற பயம் எதுவும் இல்லை. நானே எனக்கு விற்று நானே வாங்கிக்கொண்டேன்.

சிறிய நிலத்தைக் கணினியின் திறனைக் காரணம்காட்டி விளக்கினார்கள் என்பது உண்மை. பெரிய நகரங்களுக்கான முயற்சி அதே காரணத்தால் கைவிடப்பட்டதாக 2013 அக்டோபரில் அறிவிப்பும் வந்தது. ஆனால் ஆட்டத்துக்குள் அந்தச் சிறுமைக்குக் கிடைத்த ஒரே நியாயம் அண்டை மேயர்தான். இணையம் இல்லாமலேயே ஒரு நகரம் ஏறத்தாழ 20 நிமிடம் ஓடுகிறது என்று ஆட்டக்காரர்கள் வெளியான மாதத்திலேயே காட்டிவிட்டதால், இணையம் வெறும் பூட்டு என்று எல்லோரும் முடிவுகட்டினோம்; நானும்தான். நகரத்துக்கு அது பூட்டு. பிரதேசத்துக்கு அது உயிர். 2014இல் பூட்டைக் கழற்றியபோது என் கைக்கு வந்தது நான்கு சதுர கிலோமீட்டர் நிலமும், பேசாத பதினைந்து அண்டை ஊர்களும்.

ஆகவே வாசகரின் கூற்றுக்கு என் மறுப்பு இப்போது வேறு விதமாகிறது. இணையக் கட்டாயத்தை எடுத்துவிட்டால் சிறந்த ஆட்டம் மிஞ்சும் என்கிறார் அவர். எடுத்துப் பார்த்தேன், மிஞ்சியது பாதி ஆட்டம். பாதியா, கால்வாசியா என்று இந்த முறை யாரும் கணக்குக் கேட்க வேண்டாம்.

ஏப்ரல் 26

இவ்வளவு சொன்ன பிறகும் ஆட்டத்தை நீக்கவில்லை. புதிய ஊர் ஒன்றைத் தொடங்கி, மக்கள்தொகை 500ஐத் தாண்டாமல் வைத்திருக்கிறேன். உயர்ந்த கட்டடம் எழும்பாத சிறிய தெருக்கள், ஒரு காற்றாலை, ஒரு நீர்த்தொட்டி, மாலையில் நீளும் நிழல், ஊரின் நிலைக்கேற்பக் கூடிக் குறையும் கிறிஸ் டில்டனின் இசை. 4 சதுர கிலோமீட்டர் இங்கே ஏராளம். பாதி இடம் காடாகவே கிடக்கிறது. நெரிசல் இல்லை. பள்ளியை மூடவில்லை.

பலகை இன்று 486 என்கிறது. தெருவிலும் 486 பேர்தான் இருக்கிறார்கள். ஆற்றோரம் மஞ்சள் வீட்டில் நேற்று இருந்தவர் இன்று மாலை மலையடிவார வீட்டுக்குள் நுழைந்தார். மஞ்சள் வீட்டுக்கு வேறு யாரோ வந்து விளக்கேற்றியிருக்கிறார்கள்.